பனிக்கட்டி எழுதிய கணக்கு

1960-களின் நடுவில் ஒரு சிறிய விஞ்ஞானிகள் குழு கிரீன்லாந்தில் பனியை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் ஊர் கிடையாது, சாலை கிடையாது, தொழிற்சாலை கிடையாது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளை. அப்படிப்பட்ட இடத்திலும் அவர்கள் உடம்பு முழுக்க பிளாஸ்டிக் உடை அணிந்திருந்தார்கள். கையில் அமிலத்தில் கழுவிய கையுறை. குளிருக்காக இந்த ஏற்பாடு என்று நினைத்தால் தவறு. தங்கள் மேலிருக்கும் அழுக்கு பனியில் பட்டுவிடக் கூடாது என்பதுதான் அவர்கள் கவலை.

அவர்கள் பனிக்குள் தேடியது ஈயத்தை! அதுவும் எவ்வளவு? ஒரு கிலோ பனியில் ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலும் கண்டுபிடித்தாக வேண்டும்.

யாரும் வசிக்காத இடத்துப் பனியில் ஈயம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல சுமார் 2000 வருடக் கதையைக் கொஞ்சம் புரட்ட வேண்டும்.

அதற்கு முன் ஒரு சின்ன விளக்கம். தமிழில் ஈயம் என்ற ஒரே சொல்லை இரண்டு உலோகங்களுக்கும் சொல்கிறோம். பாட்டி ரசம் வைக்கும் ஈயச்சொம்பும், பாத்திரத்துக்குப் பூசும் ஈயமும் வெள்ளீயம். இந்தக் கட்டுரையில் வருவது காரீயம். பேட்டரியில் இருப்பது, பழைய பெயிண்டில் இருப்பது. இனி வரும் இடங்களில் எல்லாம் ஈயம் என்றால் காரீயம் என்றே படிக்கவும்.

ரோம் காலத்துப் பழக்கம்

ஈயம் மனிதனுக்கு வசதியான உலோகம். குறைந்த சூட்டில் உருகும், சுலபமாக வளையும், துருப்பிடித்து ஓட்டையாகாது. ரோமானியர்கள் ஊருக்குள் தண்ணீர் கொண்டுபோக ஈயக் குழாய்களைப் போட்டார்கள். ஈயத்துக்கு லத்தீனில் 'ப்ளம்பம்' என்று பெயர். குழாய் ரிப்பேர் செய்பவரை இன்றைக்கும் நாம் 'ப்ளம்பர்' என்று கூப்பிடுவது அந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

ஈயம் விஷம் என்பது அப்போதே தெரியும். கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த விட்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டடக் கலைஞர், ஈயக் குழாயில் வரும் தண்ணீரைவிட மண் குழாயில் வரும் தண்ணீரே உடம்புக்கு நல்லது என்று எழுதி வைத்திருக்கிறார். ஆதாரமாக அவர் காட்டியது, ஈயப் பட்டறையில் வேலை செய்தவர்களின் வெளுத்துப்போன உடம்பை.

ஆக, தெரியாமல் நடந்த தவறு என்று யாரும் சொல்ல முடியாது. தெரிந்தும் விட முடியாத அளவுக்கு அது வசதியாக இருந்தது.

பெயரில் ஈயம் இல்லாத ஈயம்

இனி ஒரே தாவலில் அமெரிக்காவுக்குப் போவோம். வருடம் 1921. கார்கள் பெருகிக்கொண்டிருந்த நேரம். அப்போதைய எஞ்சின்களில் ஒரு தொல்லை இருந்தது. பெட்ரோல் சீராக எரியாமல் 'டக் டக்' என்று தட்டும். இதனால் சக்தி வீணாகும், எஞ்சினும் கெடும். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை செய்த தாமஸ் மிட்ஜ்லி, அந்த வருடம் டிசம்பரில் அதற்கு மருந்து கண்டுபிடித்தார். டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மம். ஒரு காலன் பெட்ரோலுக்கு ஒரு டீஸ்பூன் கூட வேண்டாம், தட்டும் சத்தம் நின்றுவிடும்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பெட்ரோலில் ஆல்கஹால் கலந்தாலும் அந்தத் தொல்லை தீரும் என்பது மிட்ஜ்லிக்கும் அவர் மேலதிகாரி கெட்டரிங்குக்கும் தெரியும். அவர்களே சோதித்தும் பார்த்தார்கள். ஆனால் ஆல்கஹாலை நிறையக் கலக்க வேண்டும். அதைவிட முக்கியம், ஆல்கஹாலுக்கு யாரும் காப்புரிமை வாங்க முடியாது. எந்த விவசாயியும் காய்ச்சிவிடலாம். ஈயத்துக்குக் காப்புரிமை உண்டு, விற்கும் ஒவ்வொரு காலனிலும் பங்கு உண்டு. எது ஜெயித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

1923 பிப்ரவரியில் ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் விற்பனை தொடங்கியது. சரக்குக்கு வைத்த பெயர் 'எத்தில்'. 'லெட்' என்ற சொல்லை நாசூக்காகக் கழற்றிவிட்டார்கள். அடுத்த வருடம் ஜெனரல் மோட்டார்ஸும், ஸ்டாண்டர்ட் ஆயில் ஆஃப் நியூ ஜெர்சியும் சேர்ந்து இதற்கென்றே எத்தில் கார்ப்பரேஷனைத் தொடங்கின.

அதே 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே என்ற இடத்தில், இந்தச் சேர்மத்தைத் தயாரித்த தொழிலாளர்களுக்குச் சித்தம் கலங்கியது. 5 பேர் இறந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். பத்திரிகைகள் அலறின. மாத இறுதியில் நிருபர்களைக் கூட்டிய மிட்ஜ்லி, அவர்கள் கண் முன்னாலேயே அந்தத் திரவத்தில் கையைக் கழுவி, முகர்ந்தும் காட்டினார். ஒன்றும் ஆகாது என்று நிரூபிக்கத்தான். ஆனால் முந்தைய வருடம் அவரே ஈய விஷத்தால் பாதிக்கப்பட்டு விடுமுறை எடுத்து ஃப்ளோரிடாவுக்குப் போய் ஓய்வெடுத்தவர்!

1925 மே மாதம் அமெரிக்க அரசு ஒரு மாநாடு கூட்டியது. தொழில் நோய்களில் நிபுணரான டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன், யேல் பல்கலைக்கழகத்தின் யாண்டெல் ஹெண்டர்சன் போன்றவர்கள் இது வேண்டாம் என்று எதிர்த்தார்கள். தொழிற்சாலைக்குள் எச்சரிக்கையாக இருக்கலாம், தெருவில் போகிறவன் என்ன செய்வான் என்பது அவர்கள் வாதம். ஒரு குழு அமைக்கப்பட்டது. சில மாதங்கள்தான் ஆய்வு. தடை செய்யப் போதுமான காரணம் இல்லை, ஆனால் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்று 1926-ல் அறிக்கை வந்தது. முதல் பாதியை எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். இரண்டாவது பாதி காற்றோடு போனது.

தவறான தொடக்க இருப்பு

தொடர்ந்து கவனிக்கும் வேலையை யார் செய்தது? ராபர்ட் கேஹோ என்ற சின்சினாட்டி டாக்டர். பணம் கொடுத்தது ஈயத் தொழில். சுமார் 40 வருடம் ஈய விஷம் என்றால் அமெரிக்காவில் கடைசி வார்த்தை அவருடையதுதான்.

கேஹோ சொன்னது இவ்வளவுதான். ஈயம் மனித உடம்பில் இயற்கையாகவே இருக்கிறது. உள்ளே போவதை உடம்பு வெளியேற்றிவிடும். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 80 மைக்ரோகிராம் வரை போனால் ஆபத்தில்லை. அதற்கு மேல் போனால்தான் நோய்.

இதை நிரூபிக்க அவர் 1930-களின் தொடக்கத்தில் மெக்சிகோவின் ஒதுக்குப்புறக் கிராமங்களில் ஆய்வு செய்தார். காரும் இல்லாத, தொழிற்சாலையும் இல்லாத அந்த மக்கள் உடம்பிலும் ஈயம் இருந்தது. பார்த்தீர்களா, இது இயற்கை என்றார். ஆனால் அந்த மக்கள் சாப்பிட்ட பாத்திரங்கள் ஈயம் கலந்த மெருகு பூசிய மண்பாத்திரங்கள்!

கணக்குப் பதிவியலில் தொடக்க இருப்பைத் தப்பாக எழுதிவிட்டால் என்ன ஆகும்? அதற்குப் பிறகு ஒவ்வொரு வரியையும் எவ்வளவு சரியாகக் கூட்டினாலும் இறுதி இருப்பு தப்பாகவே வரும். கேஹோவின் கணக்கில் நடந்தது அதுதான். எல்லோரிடமும் இருக்கிறது என்பதும், இயற்கையாக இருக்கிறது என்பதும் வேறு வேறு. அவர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். அழுக்கான மனிதனை இன்னொரு அழுக்கான மனிதனோடு ஒப்பிட்டு, இருவரும் சுத்தம் என்று சான்றிதழ் கொடுத்தார்.

இதைத் தப்பு என்று காட்ட ஈயமே படாத ஒரு மனிதன் வேண்டும். உலகத்தில் அப்படி யாரும் மிச்சமில்லை. பிறகு எப்படிக் காட்டுவது?

பூமியின் வயதைத் தேடிப் போனவர்

கிளேர் பேட்டர்சன் 1922-ல் அயோவா மாநிலத்தில் பிறந்தவர். அவர் ஈயத்தை எதிர்க்கக் கிளம்பியவர் இல்லை. பூமியின் வயதைக் கண்டுபிடிப்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. யுரேனியம் காலப்போக்கில் ஈயமாக மாறும். ஒரு பாறையில் எந்த வகை ஈயம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால் அதன் வயது தெரிந்துவிடும்.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் அளக்க உட்கார்ந்தார். இருக்க வேண்டியதைவிட எக்கச்சக்கமாக ஈயம் வந்தது. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண். கடைசியில் புரிந்தது, ஈயம் பாறையிலிருந்து வரவில்லை. ஆய்வகத் தூசியில், பெயிண்டில், குழாய்த் தண்ணீரில், தலைமுடியில், தோலில் என்று எங்கும் ஈயம். வருடக்கணக்காக ஆய்வகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பிறகு கலிஃபோர்னியாவின் கால்டெக் நிறுவனத்துக்குப் போய், உள்ளே வரும் காற்றையே வடிகட்டும் ஒரு சுத்த அறையைக் கட்டினார். ஒரு விண்கல்லின் ஈயத்தை அளந்து, பூமியின் வயது சுமார் 455 கோடி வருடம் என்று கண்டுபிடித்தார். 1956-ல் வெளியான அந்த எண் இன்றுவரை பெரிதாக மாறவில்லை.

வேறொருவராக இருந்தால் அந்தப் புகழோடு நிம்மதியாக இருந்திருப்பார். பேட்டர்சனுக்கு அந்த ஆய்வகத் தூசி மறக்கவில்லை. இவ்வளவு ஈயம் எங்கிருந்து வந்தது? கடல் நீரை அளந்து பார்த்தார். ஆழத்தில் ஈயம் குறைவு, மேல்பரப்பில் பல மடங்கு அதிகம். அதாவது சமீபத்தில், மேலிருந்து, காற்று வழியாக வந்து விழுந்திருக்கிறது. பெட்ரோலைச் சுட்டிக்காட்டி எழுதினார். எண்ணெய்த் தொழில் சார்ந்த அமைப்பிடமிருந்து வந்துகொண்டிருந்த ஆராய்ச்சிப் பணம் நின்றது.

1965-ல் ஒரு மருத்துவ இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். சராசரி அமெரிக்கர் உடம்பில் இருக்கும் ஈயம் இயற்கை அளவைப்போல் சுமார் 100 மடங்கு என்றார். இவர் டாக்டரா, கற்களை அளக்கிறவருக்கு மனித உடம்பைப் பற்றி என்ன தெரியும் என்று கேலி வந்தது. 1966-ல் செனட்டர் எட்மண்ட் மஸ்கி நடத்திய விசாரணையில் கேஹோவும் சாட்சி சொன்னார், பேட்டர்சனும் சாட்சி சொன்னார். ஒரே நாடு, ஒரே உலோகம், இரண்டு நேர்மாறான கணக்கு.

பனி என்ற பேரேடு

இப்போது அந்தக் கிரீன்லாந்துப் பனிக்கு வரலாம்.

அங்கே விழும் பனி உருகுவதில்லை. போன வருடப் பனி மேல் இந்த வருடப் பனி படியும். அப்படியே அமுங்கி அமுங்கி ஐஸ் ஆகிவிடும். ஒவ்வொரு வருடமும் காற்றில் என்ன இருந்ததோ அது அந்தந்த அடுக்கில் பதிவாகிவிடும். பக்கத்தைக் கிழிக்க முடியாத, எண்ணைத் திருத்த முடியாத பேரேடு. பேட்டர்சனும் ஜப்பானைச் சேர்ந்த முரோசுமியும், உடன் உழைத்த சாவும் அந்தப் பேரேட்டைப் புரட்டினார்கள். 1969-ல் முடிவு வெளிவந்தது.

கி.மு. 800 வாக்கில் விழுந்த பனி: ஒரு கிலோவில் 0.001 மைக்ரோகிராமுக்கும் குறைவான ஈயம்.

1965-ல் விழுந்த பனி: 0.2 மைக்ரோகிராமுக்கும் மேல்.

200 மடங்கு. அதிலும் செங்குத்தாக ஏறியது 1940-க்குப் பிறகு, அதாவது உலகம் முழுக்க ஈய பெட்ரோல் ஓட ஆரம்பித்த பிறகு. கார்களும் உருக்காலைகளும் அதிகம் உள்ள வட பாதியில்தான் இந்த ஏற்றம். தென் துருவத்தில் 1940-க்கு முன் அளக்கவே முடியாத அளவு, அதன் பிறகும் வடக்கில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான்.

எரிமலையிலிருந்து வருகிறது, மண்ணிலிருந்து வருகிறது என்று சொன்னவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது. எரிமலை 1940-ல் புதிதாக முளைக்கவில்லையே. கேஹோவால் கண்டுபிடிக்க முடியாமல் போன 'ஈயம் படாத மனிதன்' கிடைக்காவிட்டாலும், ஈயம் படாத பனி கிடைத்துவிட்டது. தொடக்க இருப்பு திருத்தி எழுதப்பட்டது.

ஆனாலும் உடனே யாரும் மாலை போடவில்லை. காற்றில் உள்ள ஈயம் பற்றி அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 1971-ல் அறிக்கை வெளியிட்டபோது, அந்தக் குழுவில் பேட்டர்சனுக்கு இடம் இல்லை. அந்த விஷயத்தில் உலகத்திலேயே அதிகம் தெரிந்தவரை விட்டுவிட்டு அறிக்கை எழுதினார்கள்.

கடைசியில் கதவைத் திறந்தது ஒரு இயந்திரம். 1970-ல் அமெரிக்காவில் சுத்தக் காற்றுச் சட்டம் வந்தது. புகையைக் குறைக்க 1975 மாடல் கார்களில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பொருத்த வேண்டியிருந்தது. ஈயம் பட்டால் அது கெட்டுவிடும். மனிதனுக்கு ஆகாது என்று 50 வருடம் சொல்லியும் அசையாதவர்கள், கன்வெர்ட்டருக்கு ஆகாது என்றதும் ஈயமில்லாத பெட்ரோலைக் கொண்டுவந்தார்கள்!

1979-ல் ஹெர்பர்ட் நீடில்மேன் என்ற டாக்டர் பாஸ்டன் பக்கத்துக் குழந்தைகளின் விழுந்த பால் பற்களைச் சேகரித்து அளந்தார். நோய் அறிகுறி எதுவும் இல்லாத குழந்தைகள். பல்லில் ஈயம் அதிகம் இருந்தவர்களுக்கு ஐ.க்யூ. சில புள்ளிகள் குறைவாக இருந்தது, வகுப்பில் கவனமும் குறைவாக இருந்தது. அவர் மேலும் மோசடிக் குற்றச்சாட்டு வந்து, பின்னால் விசாரணையில் அது பொய் என்று ஆனது. இந்தத் துறையில் உண்மை சொன்ன யாரும் நிம்மதியாக இருந்ததாகத் தெரியவில்லை.

1970-களின் பிற்பகுதியில் அமெரிக்கர்களின் ரத்தத்தில் சராசரியாக 12.8 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது. 1988 முதல் 1991 வரை அளந்தபோது அது 2.8 ஆகக் குறைந்திருந்தது. பனியும் அதையே சொன்னது. 1991-ல் வெளியான ஆய்வின்படி, கிரீன்லாந்துப் பனியில் ஈயம் இருபது வருடத்தில் ஏழில் ஒரு பங்குக்கும் கீழே போயிருந்தது. அமெரிக்காவில் சாலை வாகனங்களுக்கான ஈய பெட்ரோல் 1996-ல் முழுவதும் நின்றது. அதைப் பார்க்கப் பேட்டர்சன் இல்லை, 1995 டிசம்பரில் காலமாகிவிட்டார். இந்தியாவில் 2000-ல் நின்றது. உலகில் கடைசியாக விற்ற அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியது.

மண் மறக்கவில்லை

காற்று சுத்தமானது. விழுந்த ஈயம் எங்கே போகும்? ஈயம் மக்காது, ஆவியாகாது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 60 லட்சம் டன் ஈயம் பெட்ரோலில் கலந்து எரிக்கப்பட்டது. அதில் நல்ல பங்கு சாலையோர மண்ணில் இறங்கியது.

ஹோவர்ட் மீல்கே என்பவர் பால்டிமோர் நகரத் தோட்டங்களின் மண்ணை அளந்து 1983-ல் ஒரு முடிவை வெளியிட்டார். அதுவரை மண்ணில் உள்ள ஈயம் வீட்டுப் பெயிண்டிலிருந்து உதிர்ந்தது என்றே பலரும் நம்பினார்கள். ஆனால் அவர் பார்த்தபோது, பெயிண்டே அடிக்காத செங்கல் வீடுகள் நிறைந்த நகர மையத்தில்தான் ஈயம் அதிகம். காரணம், போக்குவரத்து நெரிசல். அந்த மண்ணில் விளையாடியது அங்கே குடியிருந்த ஏழைக் குழந்தைகள். கார் ஓட்டியவர் ஒருவர், மண்ணைத் தொட்டு வாயில் வைத்தது இன்னொருவர் பிள்ளை.

பொருளாதாரப் பாடத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு, புறச்செலவு. விற்பவரும் வாங்குபவரும் கொடுக்காத விலையை மூன்றாம் மனிதர் கொடுப்பது. பிகூ இதை விளக்கிப் புத்தகம் போட்டது 1920-ல். டேட்டனில் முதல் காலன் விற்பதற்கு மூன்று வருடம் முன்னால்!

குழாயில் வந்த பழைய கடன்

கடைசிப் பக்கம் தண்ணீர். விட்ருவியஸ் எச்சரித்து 2000 வருடம் ஆகியும், அமெரிக்க நகரங்கள் இருபதாம் நூற்றாண்டிலும் ஈயக் குழாய்களைப் போட்டன. புதிதாகப் போடக் கூடாது என்று சட்டம் வந்தது 1986-ல்தான். பழையவை மண்ணுக்குள் அப்படியே இருந்தன. தண்ணீரில் பாஸ்பேட் கலந்தால் குழாயின் உள்ளே ஒரு மெல்லிய படலம் உருவாகி ஈயம் கரையாமல் தடுக்கும். அந்தப் படலத்தை நம்பித்தான் ஊர்கள் தண்ணீர் குடித்தன.

மிச்சிகன் மாநிலத்தின் ஃப்ளின்ட் நகரம் 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்க, டெட்ராய்ட்டிலிருந்து வாங்கிய தண்ணீரை நிறுத்திவிட்டு ஃப்ளின்ட் ஆற்றுத் தண்ணீருக்கு மாறியது. அரிப்பைத் தடுக்கும் பாஸ்பேட்டைச் சேர்க்கவில்லை. படலம் கரைந்தது, ஈயம் குழாயில் வந்தது. நிறம் மாறிய தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு மக்கள் கூட்டம் கூட்டமாகப் போய்க் காட்டினார்கள். பாதுகாப்பானது என்றே பதில் வந்தது.

அந்த ஊரில் ஜெனரல் மோட்டார்ஸின் எஞ்சின் தொழிற்சாலை இருக்கிறது. ஆமாம், மிட்ஜ்லி வேலை பார்த்த அதே கம்பெனி. இந்தத் தண்ணீர் எஞ்சின் பாகங்களை அரிக்கிறது என்று 2014 அக்டோபரில் அந்தத் தொழிற்சாலை வேறு தண்ணீருக்கு மாறிக்கொண்டது. குழந்தைகள் இன்னும் ஒரு வருடம் அதையே குடித்தார்கள். 2015 செப்டம்பரில் மோனா ஹன்னா-அத்தீஷா என்ற குழந்தை மருத்துவர், ரத்தத்தில் ஈயம் அதிகமுள்ள குழந்தைகளின் விகிதம் ஏறக்குறைய இரண்டு மடங்கானதைக் கணக்கோடு காட்டினார். முதலில் அவரையும் மறுத்தார்கள். அடுத்த மாதம் பழைய தண்ணீரே திரும்பி வந்தது.

மிச்சம் பிடிக்க நினைத்தது இரண்டு வருடத்தில் சுமார் 50 லட்சம் டாலர். வழக்கில் கொடுக்க ஒப்புக்கொண்டது 62 கோடியே 60 லட்சம் டாலர். இதில் பிள்ளைகள் இழந்தது எந்தப் பத்தியிலும் எழுதப்படவில்லை.

எது இயல்பு?

கேஹோ 80 என்று போட்ட கோடு பிறகு 60, 40, 30, 25 என்று இறங்கியது. அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 1991-ல் குழந்தைகளுக்கு 10 என்றது, 2012-ல் 5 என்றது, 2021-ல் 3.5 என்றது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒவ்வொரு முறை கோடு இறங்கும்போதும், அதற்கு முந்தைய நாள் வரை 'இயல்பு' என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள்.

பனியைப் பின்னாலும் புரட்டியிருக்கிறார்கள். ரோமானியர்கள் வெள்ளிக்காக ஈயத் தாதுவை உருக்கிய புகை கிரீன்லாந்து ஐஸில் இருக்கிறது. கி.பி. 165 வாக்கில் பெரும் கொள்ளைநோய் வந்து ரோமின் சுரங்கங்கள் படுத்தபோது, அந்த ஐஸில் ஈயமும் இறங்கியிருக்கிறது. ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1349 முதல் 1353 வரையிலான அடுக்கில் ஈயம் ஏறக்குறைய இல்லை. ஐரோப்பாவைக் கறுப்புச் சாவு அடித்துப்போட்ட வருடங்கள் அவை. உலைகளை ஊத ஆளில்லாத அந்த நான்கைந்து வருடங்களில்தான் ஐரோப்பியர்கள் உண்மையான 'இயற்கைக்' காற்றைச் சுவாசித்தார்கள்.

அதனால், எல்லோரிடமும் இருக்கிறது, எல்லா ஊரிலும் இருக்கிறது, இது சாதாரணம் என்று யாராவது ஒரு அறிக்கையைக் காட்டினால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. தொடக்க இருப்பை எங்கிருந்து எடுத்தீர்கள்? கேஹோவிடம் அதை 40 வருடம் யாரும் அழுத்திக் கேட்கவில்லை. கேட்டவர் ஒரு கல் அளக்கிற ஆள், சாட்சி சொன்னது பனி.